வரி ரோஜாவின் மூன்று கண்கள்

குப்பைத் தொட்டியில் கிளை கிடந்தது. வெங்காயத் தோலுக்கும் டீத்தூளுக்கும் நடுவில், தலைகீழாக. அதில் ஒரு மொட்டு பாதி விரிந்திருந்தது. சிவப்பில் வெள்ளைக் கீற்று.

மதியச் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தேன். தட்டிலிருந்த மிச்சத்தைக் கொட்டத் தொட்டியைத் திறந்தவன், மூடியைப் பிடித்தபடி நின்றேன்.

"அத்தை."

மாமியார் பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். "என்ன மாப்ளே?"

"இந்தக் கிளைய யாரு வெட்டினது?"

"நான்தான். காலைல வெட்டினேன். நோய் புடிச்சிருந்துச்சு. பூவெல்லாம் வெள்ளை வெள்ளையா திட்டு. அப்படியே விட்டா நல்ல கிளைக்கும் பரவிடும்ல?" வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்துக் கொடியில் மாட்டினார். "நீங்க கடை கடைன்னு ஓடுறீங்க. அவ செடிய நானாவது பாக்கணுமே."

எனக்குக் கோபம் வரவில்லை. என் மனைவி போனதிலிருந்து எனக்கு எதுவும் வருவதில்லை. பசி வருவதில்லை, நேரமானால் சாப்பிடுவேன். ஆனால் கை தானாகத் தொட்டிக்குள் போனது. கிளையை எடுத்துக் குழாயில் கழுவினேன்.

"அது நோய் இல்ல அத்தை. அதுதான் ரோஜா."

"அப்ப இது?" அவர் கை காட்டிய பக்கம் ஆளுயரத்துக்கு நின்றது செடி. முழுச் சிவப்புப் பூக்கள், கொத்துக் கொத்தாக.

"அது வேற."

சமையலறைக்குப் பின்னால் இருப்பதுதான் எங்கள் தோட்டம். இரண்டு கையையும் விரித்தால் இரு பக்கச் சுவரும் தட்டும். ஒரு மூலையில் வாஷிங் மெஷின், மேலே துணிக்கொடி, சுவரோரம் மண். கல்யாணமான புதிதில் என் மனைவி ஒரு நர்சரியிலிருந்து ஒரு ஜாண் குச்சி வாங்கிவந்து அங்கே நட்டாள். அதில் பெயர்ச் சீட்டு எதுவும் கட்டியிருக்கவில்லை. பெயர் தெரியாது. பூத்தபோது இரண்டு பேரும் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போய் நின்றோம். கருஞ்சிவப்பு இதழ்களில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக வரிகள். யாரோ பிரஷ்ஷை உதறியதுபோல. எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் வருமே, அதனோடு தேனைக் கலந்ததுபோல ஒரு வாசனை.

"ஏய் கண்ணாடி, ரெண்டு பூ ஒரே மாதிரி இருக்கான்னு பாத்துச் சொல்லு." அவள் என்னைக் கூப்பிடுவது அப்படித்தான். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன்.

பார்த்தேன். இல்லை.

ஒரு தடவை பூத்து ஓய்ந்துபோகும் சாதி இல்லை அது. வாடிய பூவைக் கத்தரித்துவிட்டால் அடுத்த சுற்று மொட்டு கட்டும். அது முடிந்தால் அதற்கடுத்தது. "வெக்கங்கெட்ட செடி" என்பாள், பெருமையாக.

வரி ரோஜாவுக்கு ஒரு குணம் உண்டு. சில நேரம் வரியே இல்லாத கிளை ஒன்று கிளம்பும். முழுச் சிவப்பு. அதற்குத் தெம்பு அதிகம். தண்ணீர், உரம், வெயில் எல்லாவற்றையும் அதுவே எடுத்துக்கொள்ளும். அப்படி ஒன்று தலை காட்டியதும் என் மனைவி அடியோடு எடுத்துவிடுவாள். "இடம் குடுத்தா வீட்டையே எழுதி வாங்கிடும்."

போன மழைக்காலத்தில் அவள் மூளையில் ஒரு இரத்தக் குழாய் வெடித்தது. மறுநாள் அவள் இல்லை. சிவப்புக் கிளையை எடுக்கவும் ஆளில்லை. நான் தண்ணீர் மட்டும் ஊற்றினேன்.

மாமியார் நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவர். போகவில்லை. நானும் போகச் சொல்லவில்லை. மகள் உயிரோடு இருந்தபோது அவர் இந்தப் பூவைப் பார்த்ததில்லை. அவரிடம் இருந்தது பட்டன் போன், படம் அனுப்பவும் வழியில்லை. மகள் ஊருக்குப் போகும்போது காய்ந்த இதழ்களை ஒரு பொட்டலமாகக் கொண்டுபோய்த் தருவாள். காய்ந்த இதழில் வரி தெரியாது, கறுத்துவிடும். வாசனை மட்டும் இருக்கும். சிவப்புப் பூவிலும் அதே வாசனைதான். அவருக்கு அதுதான் மகளின் ரோஜா.

சிவப்புக் கிளையின் கதையை அவரிடம் சொல்லி முடித்தேன். அவர் வாஷிங் மெஷின்மேல் கை ஊன்றி நின்றார்.

"இன்னொரு வரிக் கிளை இருக்கா?"

"இல்ல. இது ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு."

"வாங்கின இடத்துல?"

"அங்க இப்ப டைல்ஸ் கடை."

"குச்சிய ஊனி வெச்சா?"

"அவ பல தடவை ஊனிப் பாத்தா. இது வேர் விடாது, அழுகிடும். கண்ணெடுத்து ஒட்டினாத்தான் உண்டு."

இலைக்காம்பு கிளையோடு சேரும் இடத்தில், அரிசி முனை அளவுக்கு ஒரு புடைப்பு இருக்கும். அதுதான் கண். பட்டையோடு சீவி எடுத்து வேறு செடியின் பட்டைக்குள் செருகினால், பிடித்துக்கொண்டு முளைக்கும். கிளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேலே இருந்த கண்கள் பிஞ்சு. கீழே இருந்தவை காய்ந்தவை. நடுவில் மூன்று தேறும்.

"எதுல ஒட்டணும்?"

"சிவப்புலதான். வேர் ஒண்ணுதானே."

"அவ ஒட்டுவாளா?"

"அவ வெட்டுவா. நான் கட்டுவேன்."

"அப்ப இப்ப வெட்டுறது யாரு?"

அவர் முந்தானையில் கையைத் துடைத்தார். தையல் கடை வைத்திருந்தவர் அவர். பாதி ஊருக்குச் சட்டை தைத்துத்தான் மகளைப் படிக்கவைத்தார்.

"எப்படி வெட்டணும்னு காட்டுங்க."

செய்தித்தாளின் ஓரத்தில் வரைந்தேன். "குறுக்க ஒரு கோடு, நடுவுலேர்ந்து கீழ ஒரு கோடு. மேல்பட்டை மட்டும் வெட்டுப்படணும். உள்ள வழவழன்னு இருக்கும். அதத் தொடக்கூடாது."

"மேல்துணி மட்டும் கிழியணும், லைனிங் கிழியக்கூடாது. காஜாவுக்கு வெட்டுற மாதிரி."

"ஆமா."

"அத முதல்லயே அப்படிச் சொல்லியிருக்கலாம்ல. கோலம் வேற போட்டுக் காட்டுறீங்க."

கிளையை ஈரத் துணியில் சுற்றினேன். கடைக்குப் போன் செய்தேன். முதலாளி எந்த வாடிக்கையாளரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். கண்ணாடியின் பவரைச் சொல்லித்தான்.

"எங்கய்யா இருக்க? மைனஸ் ஏழு வந்து உக்காந்திருக்கு. ப்ளஸ் ரெண்டு சண்டை போடுது."

"அண்ணே, சாயங்காலம் வரேன். கண்ணு வைக்கணும்."

"யார் மேல?"

"ரோஜா மேல."

"கண்ணு வைக்கறதுக்கு லீவு கேட்ட முதல் ஆள் நீதான்யா. எங்க எதிர்வீட்டுக்காரன் லீவே போடாம வைக்கிறான்." பிறகு குரலைத் தணித்தார். "சரி, முடிச்சுட்டு வா. உன் பேச்சுல ஒரு அவசரத்தக் கேட்டு எவ்வளவு நாளாச்சு."

புது பிளேடு. சுடுதண்ணீர். கடையிலிருந்து எப்போதோ கொண்டுவந்த பூதக்கண்ணாடி. மெல்லிய பிளாஸ்டிக் உறையை நாடாவாக நறுக்கிக்கொண்டேன். சிவப்புச் செடியின் தடித்த தண்டில், முழங்காலுக்கும் கீழே, முள்ளை ஒடித்து இடம் செய்தேன். இருவரும் மண்ணில் உட்கார்ந்தோம். தலைக்குமேல் சிவப்புப் பூக்கள். ஒன்று மாமியாரின் காதை உரசிக்கொண்டே இருந்தது.

வரிக் கிளையிலிருந்து இலையைக் கத்தரித்துக் காம்பை மட்டும் விட்டேன், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி மாதிரி. கண்ணுக்குக் கீழே பிளேடை வைத்துச் சீவினேன். நகம் அளவு பட்டை, நடுவில் கண். தினமும் சின்னச் சின்னத் திருகாணிகளைத் திருகும் விரல்கள். கண் சிதையாமல் வந்தது.

மாமியார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். குறுக்கே ஒரு கீறல். கீழே ஒரு கீறல். பட்டையின் இரண்டு ஓரத்தையும் கட்டைவிரல் நகத்தால் நிமிர்த்தினார். உள்ளே ஈரமாக, வெளிர்பச்சையாக இருந்தது. ஒரு கீறல்கூட அதில் விழவில்லை.

"சட்டுன்னு வைங்க மாப்ளே, காயுறதுக்குள்ள."

செருகினேன். உட்கார்ந்தது. கண்ணை மட்டும் வெளியே விட்டு, மேலும் கீழுமாக நாடாவைச் சுற்றினேன்.

"மூச்சு விடாதீங்க. பறந்துரும்."

"நீங்களும்தான் அத்தை."

"நான் நிறுத்தி ரொம்ப நேரமாச்சு."

மூன்று கண்ணையும் வைத்து முடித்தபோது கால் மரத்துப்போயிருந்தது. எழுந்திருக்க அவர் என் தோளைப் பிடித்தார். நான் சுவரைப் பிடித்தேன்.

"எப்பத் தெரியும்?"

"மூணு வாரமாகும். அந்தக் காம்பத் தொட்டுப் பாக்கணும். தொட்டதும் உதிர்ந்தா பிழைச்சுது. காஞ்சுபோய் ஒட்டிக்கிட்டே இருந்தா செத்துது."

"தலைகீழா இருக்கே."

"அப்படித்தான்."

அவர் அதன்மேல் ஒரு குடையைக் கட்டினார், வெயில் படாமல். தினமும் காலையில் காபி டம்ளரோடு போய்க் குனிந்து நிற்பார். "ஏண்டி, இன்னுமா தூக்கம்? எவ்வளவு பேர் காத்துக்கிட்டு நிக்கிறோம் பாரு." நான் உள்ளே ஷூ மாட்டிக்கொண்டு கேட்பேன். அவர் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. செடியிடம் நிறையப் பேசினார். தான் வெட்டியதைப் பற்றி மட்டும் யாரிடமும் பேசவில்லை. இரவுச் சாப்பாட்டில் பாதியைத் தட்டிலேயே வைத்துவிடுவார். இந்தக் கண்கள் செத்தால் அவர் ஊருக்குப் போய்விடுவார் என்று எனக்குத் தெரிந்தது. திரும்பி வரமாட்டார் என்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தோம்.

முதல் காம்பைத் தொட்டேன். கறுத்திருந்தது. தள்ளினேன், விழவில்லை. சுருங்கி, பட்டையோடு இறுகியிருந்தது. கண் தூளாக உதிர்ந்தது.

இரண்டாவதும் அப்படியே.

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீங்களே பாத்துச் சொல்லுங்க. நான் பாக்கல."

மூன்றாவது மஞ்சளாக இருந்தது. விரல் பட்டது. காம்பு கழன்று மண்ணில் விழுந்தது. அது இருந்த இடத்தில் சுத்தமான ஒரு தழும்பு. அதன் மேலே கண், பச்சையாக, பருத்து.

"அத்தை."

"சொல்லாதீங்க."

"திரும்பிப் பாருங்க."

பார்த்தார். பூதக்கண்ணாடியைப் பிடுங்கிப் பார்த்தார். பிறகு என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். வலித்தது. நன்றாக இருந்தது.

அதற்கடுத்த வேலையைச் சொன்னதும்தான் சண்டை வந்தது.

"இந்தக் கண்ணுக்கு மேல இருக்கிற அத்தனையும் வெட்டணும்."

"அத்தனையுமா?"

"முழுசா. மத்த தண்டையும் அடியோட."

செடி அப்போது உச்சத்தில் பூத்திருந்தது. இலை தெரியாத அளவுக்குச் சிவப்பு. பின்தெருவில் போகிறவர்கள் வாசனையை இழுத்துக்கொண்டு நின்றுவிட்டுப் போவார்கள்.

"உளுந்து அளவு இருக்கு அது. அத நம்பி இவ்வளவையும் வெட்டச் சொல்றீங்களே? இதுவும் போயிட்டா?"

"போனா ஒண்ணும் மிஞ்சாது."

"அத எப்படி இவ்வளவு சாதாரணமா சொல்றீங்க?"

"மேல இருக்கிறது கீழ இருக்கிறத எழும்ப விடாது அத்தை. வெட்டலன்னா கண்ணு திறக்காது."

"வாசனை ஒண்ணுதானே மாப்ளே?" ஒரு கொத்தைப் பிடித்துக்கொண்டார். "சிவப்பா இருந்தா என்ன, வரியா இருந்தா என்ன? அவ கை பட்ட வேருதானே இது? ஒருத்திய முழுசா குடுத்தாச்சு. இருக்கிறதையும் என்னால வெட்ட முடியாது."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. நான் மண்ணில் உட்கார்ந்தேன். எனக்குப் பேச வராது. இருந்தும் பேசினேன்.

"சிவப்பு ரோஜா எல்லாக் கடையிலயும் இருக்கு. அவ இதத் தேடி எடுத்துட்டு வந்தா. ஒவ்வொரு பூவையும் தனித்தனியாப் பாத்தா. என்னையும் பாக்க வெச்சா. சிவப்பு கிளம்பும்போதெல்லாம் அவதான் வெட்டினா, இது இருக்கணும்னு. நாம வெட்டலன்னா, அவ பண்ணினது எதுவுமே இல்லாம போயிரும்."

அவர் நெடுநேரம் பூக்களைப் பார்த்தார்.

"கத்தரியக் குடுங்க."

"நான் வெட்டுறேன் அத்தை."

"வெட்டுறது என் வேலை, கட்டுறது உங்க வேலை. அதுதானே பேச்சு? குடுங்கன்னா."

ஒவ்வொரு தண்டாக வெட்டினார். கடைசித் தண்டைக் கண்ணுக்குக் கொஞ்சம் மேலே, சாய்வாக வெட்டினார். பூக்களை வாளியில் போட்டுத் தெருவில் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்தார். தோட்டத்தில் மொட்டையாக ஒரு கட்டை நின்றது. வாஷிங் மெஷின்மேல் வெயில் அடித்தது. அங்கே வெயில் விழுந்து நான் பார்த்ததில்லை.

"சலூன்ல உக்காந்து எழுந்த மாதிரி இருக்கு" என்றார். மூக்கைச் சிந்திக்கொண்டார்.

கண் திறந்தது. முதலில் ஒரு சிவந்த முனை. பிறகு கூம்பு. பிறகு விரல் மாதிரி ஒரு தளிர். அடியிலிருந்து சிவப்பும் விடாமல் முட்டியது. காலையில் கடைக்குக் கிளம்புமுன் கட்டைவிரலால் அவற்றைத் தேய்த்து உதிர்த்துவிட்டுப் போவேன். சாயங்கால முறை மாமியாருடையது. "இதுங்க வட்டிக்காரன் மாதிரி மாப்ளே. கதவச் சாத்தினா ஜன்னல்ல நிக்குதுங்க."

தளிர் கிளையானது. கிளை நுனியில் மொட்டு கட்டியது.

மொட்டின் பச்சை உறை பிளந்தபோது உள்ளே தெரிந்தது சிவப்பு. வெறும் சிவப்பு.

இருவரும் பார்த்தோம். வரிக் கிளையிலிருந்து எடுத்த கண்ணாக இருந்தாலும் முழுச் சிவப்பாகத் திரும்பிவிடலாம். அதை அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை. என் முகத்திலிருந்து தெரிந்துகொண்டிருப்பார்.

"சிவப்புதானே?"

"தெரியல."

"நீங்க கண்ணு பாக்குற ஆளுதானே? சரியாப் பாருங்க."

பூதக்கண்ணாடியை எடுத்துவந்தேன். மொட்டைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு இதழ் மற்றொன்றின் அடியில் நுழையும் விளிம்பில், மயிரிழை மாதிரி, ஏதோ ஒன்று. தூசியாக இருக்கலாம். ஊதினேன். போகவில்லை.

"இருக்கு" என்றேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். "தையல் பிரிஞ்சு நூல் தெரியுற மாதிரி?"

"அதேதான்."

மறுநாள் காலை என்னை எழுப்பியது அவர் குரல். கூப்பிடவில்லை, கத்தினார். விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன்.

பூ விரிந்திருந்தது. கருஞ்சிவப்பு. அதன்மேல் வெள்ளை, இளஞ்சிவப்பு, மறுபடி வெள்ளை. ஒரு இதழில் பட்டையாக, ஒன்றில் பொட்டுப் பொட்டாக, ஒன்று நடுவில் கோடு கிழித்தாற்போல் பாதிக்குப் பாதி. வாசனை வாசற்படி வரைக்கும் வந்து நின்றது.

மாமியார் இப்போதுதான் அதை ஒழுங்காகப் பார்த்தார். "இதையா நான் குப்பையில போட்டேன்?"

"ஆமா."

"அவ இருந்திருந்தா என்னை வீட்ட விட்டே துரத்தியிருப்பா."

"சிவப்ப வளரவிட்டதுக்கு என்னையும் சேத்து."

சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே அழுதார். "ஊருல கண்ணுல பூ விழுந்தா டாக்டர்கிட்ட ஓடுவாங்க. நம்ம வீட்டுல மட்டும்தான் கூத்தாடுறோம்."

எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. சிரித்து முடித்தபோது முகம் நனைந்திருந்தது. பிறகு பூவுக்குள் மூக்கை வைத்தேன். எலுமிச்சைத் தோல், தேன். எல்லாம் வந்தது.

ஒரு பூவை வைத்து ஜெயித்தோம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அது வாடியதும் வெளிப்பக்கம் பார்க்கும் கண்ணுக்கு மேலே கத்தரித்தேன். காத்திருந்தோம். செடி இரண்டாகப் பிரிந்தது, நாலாகப் பிரிந்தது. இரண்டாம் சுற்றில் எல்லா நுனியிலும் மொட்டு. ஒவ்வொன்றாக விரிந்தது. ஒன்றுகூட வெறும் சிவப்பு இல்லை. எல்லாவற்றிலும் வரி. எல்லாம் வேறு வேறு. மாமியார் ஊரிலிருந்து மீதித் துணிமணியையும் தையல் மெஷினையும் வரவழைத்தார். கேட்டதற்கு, "அடுத்த வருஷம் இன்னும் நாலு செடியில கண்ணு வைக்கணும். காஜா வெட்ட ஆளு வேணாமா?" என்றார்.

தையல் மெஷின் வந்த அன்று ஒரு பூவைப் பறித்துக் கடைக்குக் கொண்டுபோனேன். கண் பரிசோதிக்கும் அறையில், மேசைமேல் ஒரு டம்ளரில் வைத்தேன். முதலில் வந்தவர் ஒரு லாரி டிரைவர். கண்ணாடியே வேண்டாம், மனைவி விரட்டியதால் வந்தேன் என்றார்.

"எழுத்தெல்லாம் பளிச்சுன்னு தெரியுது தம்பி. சும்மா எழுதிக் குடுத்து அனுப்புங்க."

"படிங்க பாப்போம்."

தப்புத் தப்பாகப் படித்தார். சோதனைக் கண்ணாடிச் சட்டத்தை மூக்கில் மாட்டி ஒவ்வொரு வில்லையாகப் போட்டேன். மூன்றாவது வில்லையில் அவர் தலை எழுத்து அட்டைப் பக்கமிருந்து மேசைப் பக்கம் திரும்பியது.

"அட! பூவுல கோடு கோடா இருக்கே!"

"எழுத்து தெரியுதா?"

"எழுத்த விடுங்க தம்பி. உள்ள வரும்போது வெறும் சிவப்புன்னுல்ல நெனச்சேன்? வெள்ளை ஓடுது, நடுவுல ரோஸ் ஓடுது... இந்த மாதிரி எங்க கிடைக்கும்?"

"எங்க வீட்டுல."

குரல் எனக்கே பலமாகக் கேட்டது. முதலாளி திரையை விலக்கி எட்டிப் பார்த்தார்.

"நானும் எங்க அத்தையும் வளக்குறோம்" என்றேன், இருவருக்கும் கேட்கும்படி.